அறுபதாயிரம் கொடுத்துப் புத்தகம் போடலாமா?

குமாரபாளையத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "விசைத்தறித் தொழிலாளர் வாழ்க்கையை வைத்து 200 பக்க அளவில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். இரண்டு பதிப்பகங்களிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது ஒன்று, 60,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதிகள் அச்சடிப்போம், 50 பிரதிகள் உங்களுக்கு, மீதி விற்றால் பத்து சதவீதம் ராயல்டி என்கிறது. கையில் 25,000 இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கலாமா? இல்லை, நானே புத்தகம் போடலாமா? போட்டால் விளம்பரம் எப்படிச் செய்வது?"

கடன் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் ஊரில் தறி ஓட்டுகிறவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு எத்தனை வருடம் அதே பட்டறையில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றித்தானே நாவலே எழுதியிருப்பீர்கள். அந்த நாவலையே கடனில் மாட்டிவிட வேண்டாம்.

அந்தப் பதிப்பகம் சொல்லும் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 300 பிரதிகளில் உங்களுக்கு 50 போக மீதி 250. புத்தக விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதி விடாமல் அத்தனையும் விற்றாலும், பத்து சதவீதம் என்றால் உங்களுக்கு வருவது 6,250 ரூபாய். அறுபதாயிரம் போட்டு ஆறாயிரத்துச் சொச்சம். அவர்களுக்கு வேண்டிய லாபம் உங்களிடமிருந்தே வந்துவிட்டதால், அந்த 250 பிரதிகளை விற்றே தீரவேண்டும் என்ற நெருக்கடியும் அவர்களுக்கு இருக்காது.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு இப்படித்தான் வந்தது. பெயர் வேண்டாம், ஒரு பதிப்பகம். வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டினேன். வெளியீட்டு விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "விற்கவில்லை, இடம் அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்" என்றார்கள். என் செலவில் அச்சடித்த புத்தகத்தை என் செலவிலேயே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். பரணில் அந்தக் கட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எழுதவே பிடிக்காமல் போயிற்று. நான்கு வருடம் ஒரு வரிகூட எழுதவில்லை. போன பணம் எப்படியோ திரும்பி வந்தது. அந்த நான்கு வருடம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பணத்தை ஒரு கேள்வியாகவும் விளம்பரத்தை இன்னொரு கேள்வியாகவும் கேட்கிறீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்: இரண்டுக்கும் பதில் ஒரே ஆட்கள்தான். புத்தகம் அச்சாவதற்கு முன்பே அதற்குக் காத்திருக்கும் நூறு பேர் உங்களுக்கு இருந்தால், அச்சுச் செலவு அவர்களிடமிருந்தே வந்துவிடும். படித்துவிட்டு அடுத்தவரிடம் சொல்லப்போகிறவர்களும் அவர்கள்தான். அந்த நூறு பேர் இல்லாமல் அச்சடித்தால், எவ்வளவு பணம் இருந்தாலும் அது பரணுக்குத்தான் போகும்.

இது புதிய யோசனையும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவரிடம் ஏது பணம்? கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் சம்பளம்தான். புத்தகம் வருமுன்பே வாங்கிக்கொள்கிறோம் என்று கையொப்பம் போட்டவர்களின் பணமும் அந்தப் பதிப்புக்குத் துணை நின்றது. இன்றைக்கு நாம் 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று சொல்வது அதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிடப்போவதாகச் சொல்லி, வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கடன் கேட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு தன் புத்தகம் போகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். அவர் நம்பிக்கை பொய்யில்லை என்று பிற்காலம் காட்டியது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது அந்த நான்கு லட்சம் பிரதிகளில் ஒன்றுகூட அச்சாகவில்லையே என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. நூறு பிரதியில் தொடங்குவதில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

நூறு பிரதி மட்டும் அச்சடிக்க முடியுமா என்றால், இப்போது முடியும். ஆஃப்செட்டில் அடித்தால் 500, 1000 என்று போனால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் பிரிண்டில் 50 பிரதிகூட அடிக்கலாம். ஒரு பிரதிக்கான செலவு கூடத்தான் செய்யும், ஆனால் முடங்கும் பணம் குறைவு. தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில், 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம் என்பது அச்சகக் கணக்கு. அதனால் உங்கள் நாவலை 208 பக்கத்தில், 13 பாரமாக முடிக்கும்படி லேஅவுட் செய்யச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள். தாள் என்ன, எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), அட்டைக்கு மேட் லேமினேஷன் (பளபளக்காத மேலுறை) உண்டா என்று மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். முழு வேலையையும் ஒப்படைக்கும் முன் ஒரே ஒரு பிரதி அடித்துக் கையில் வாங்கிப் பாருங்கள். பைண்டிங்கை விரித்துப் பாருங்கள். நடுப்பக்கம் கழன்றுவருகிற புத்தகத்தை எந்த வாசகரும் அடுத்தவருக்கு இரவல் கொடுக்க மாட்டார்.

ஒரு பேச்சுக்குப் பிரதிக்கு 110 ரூபாய் அச்சுச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 பிரதிகளுக்கு 13,200. விலை 250 போட்டு, முன்வெளியீட்டில் 200 ரூபாய்க்குத் தருகிறீர்கள். 80 பேர் பணம் அனுப்பினால் 16,000. அச்சுச் செலவு முடிந்தது, தபால் செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். கையில் 40 பிரதிகள் இருக்கும். இந்த எண்களை உங்கள் அச்சகம் சொல்லும் விலைக்குத் தக்க மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றக்கூடாதது ஒன்றுதான்: பணம் வந்தவர்களின் எண்ணிக்கைக்கு மேல் ஐம்பது பிரதிக்கு அதிகமாக முதல் தடவை அடிக்காதீர்கள்.

அப்படியானால் உங்கள் 25,000 எதற்கு? புத்தகத்தைச் செம்மை செய்வதற்கு. பெரும்பாலோர் தவறவிடுவது இங்கேதான். கதையை வெளி ஆள் ஒருவர் எடிட்டர் கண்ணோடு படிக்க வேண்டும். அது முடிந்தபின் வேறொருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை. எடிட்டர் "மூன்றாம் அத்தியாயம் தேவையில்லை" என்பார். மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றுப்பிழையைப் பிடிப்பார். இரண்டையும் நீங்களே செய்ய முடியாது, ஏனென்றால் உங்கள் கண் எழுதியிருப்பதைப் படிக்காது, எழுத நினைத்ததைப் படிக்கும். அட்டைக்கும் பணம் கொடுத்து ஒரு நல்ல ஓவியரையோ புகைப்படக்காரரையோ பிடியுங்கள். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்ட வேண்டாம். உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் ஊர்த் தறியின் முகம் அந்தப் படத்தில் இருக்காது. இந்தச் செலவெல்லாம் போக எட்டாயிரமாவது கையில் நிறுத்திவையுங்கள். இரண்டாவது அச்சுக்கு அது வேண்டும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை அதை இலவசமாகத் தருகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், தானே பதிப்பிக்கிற ஆசிரியரும் வாங்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. காப்புரிமை எழுதிய கணத்திலேயே உங்களுடையது, பதிவு செய்வது உங்கள் விருப்பம். புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. நீங்களே பதிப்பாளர் என்பதால் அந்தக் கடமையும் உங்களுடையதுதான். அனுப்பிவிடுங்கள். நம் காலத்துக்குப் பிறகும் உங்கள் ஊர்க் கதை அங்கே இருக்கும்.

சரி, அந்த நூறு பேரை எங்கே தேடுவது?

எல்லோரும் ஃபேஸ்புக் என்பார்கள். தமிழ் இலக்கிய உலகம் அங்கே கூடுவது உண்மைதான், நானும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு புதியவர் "என் நாவல் வந்திருக்கிறது" என்று பதிவிட்டால் இருநூறு வாழ்த்து வரும், நான்கு பேர் வாங்குவார்கள். உங்கள் முதல் வாசகர்கள் அங்கே இல்லை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள். தறி ஓட்டிய அப்பாவின் மகன் இன்று பெங்களூரில் ஐடி வேலையில் இருப்பான். பாவு நூல் பிணைத்த அம்மாவின் மகள் ஏதோ ஓர் ஊரில் டீச்சராக இருப்பாள். தங்கள் வீட்டு இரவுகளில் கேட்ட அந்தத் தறிச் சத்தத்தைக் கதையில் படிக்க வேண்டும் என்ற ஏக்கம் அவர்களுக்கு இருக்கிறது. இலக்கியம் படித்துப் பழக்கமே இல்லாதவர்கள்கூட இந்தப் புத்தகத்தை வாங்குவார்கள். இது உங்களுக்கு வாய்த்த பெரிய சொத்து. சென்னையில் இருந்துகொண்டு காதல் கதை எழுதுகிறவருக்கு இது கிடையாது.

அதனால் இப்படித் தொடங்குங்கள். நாவலின் முதல் அத்தியாயத்தையும், தனியாகப் படித்தாலும் நிற்கிற இன்னொரு பகுதியையும் எடுத்து, அலைபேசியில் படிக்க வசதியாக ஒரு பிடிஎஃப் ஆக்குங்கள். உங்களோடு படித்தவர்கள், உறவுக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், சங்கத்துக்காரர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, வாட்ஸப்பில் அனுப்புங்கள். ஒரே செய்தியைக் குழுவில் போடாதீர்கள். குழுவில் போட்டது யாருக்கும் அனுப்பாததற்குச் சமம். "படித்துவிட்டு ஒரு வரி சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள், வாங்கச் சொல்லாதீர்கள். படித்துவிட்டு "மீதி எங்கே?" என்று கேட்கிறவர்தான் உங்கள் வாசகர். அவர் பெயரை நோட்டில் எழுதுங்கள். நோட்டில் அறுபது பெயர் சேரும்வரை முன்வெளியீட்டை அறிவிக்காதீர்கள்.

அறிவிக்கும்போது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அச்சுச் செலவு இவ்வளவு, இந்தத் தேதிக்குள் பணம் அனுப்பினால் இந்தத் தேதிக்குள் புத்தகம் வரும், வராவிட்டால் பணம் திரும்பும். யுபிஐ எண் ஒன்று போதும். பணம் அனுப்பியவருக்கு அன்றைக்கே ஒரு நன்றி அனுப்புங்கள். விருப்பப்பட்டால் அவர்கள் பெயரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிடலாம். தன் பெயர் அச்சில் வந்த புத்தகத்தை ஒருவர் பத்துப் பேருக்காவது காட்டுவார். சொன்ன தேதி தள்ளிப்போனால் ஒளியாதீர்கள், உடனே எழுதுங்கள். முன்பணம் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தவர்களால் இந்த வழியே கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது.

வெளிநாட்டு எழுத்தாளர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டுவதைப் படித்திருப்பீர்கள். இந்தியாவிலிருந்து அதில் திட்டம் தொடங்க முடியாது. இங்கே இருக்கும் திரட்டுத் தளங்களில் மருத்துவச் செலவுக்குக் கையேந்தி நிற்பவர்களுக்கு நடுவில் ஒரு நாவல் எடுபடுவது கஷ்டம். உங்கள் நோட்டும் யுபிஐயும் போதும்.

அரசு உதவியையும் விட்டுவிடாதீர்கள். தமிழ் வளர்ச்சித் துறையில் நூல் வெளியிட நிதியுதவி தரும் திட்டம் உண்டு. வருமான வரம்பு இருக்கிறது, அறிவிப்பைப் பார்த்து, அச்சுக்குப் போகுமுன்பே விண்ணப்பியுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்களுக்கு அந்த நலத்துறை வழியாகத் தனித் திட்டம் இருக்கிறது. புத்தகம் வந்தபின் அதே தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் சிறந்த நூல் பரிசுக்கும் அனுப்பலாம். பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கும் இப்போது இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் எதையும் நம்பி அச்சடிக்காதீர்கள். வந்தால் அது இரண்டாவது புத்தகத்துக்கு. "உங்கள் நூல் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறது, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

கிண்டிலைப் பற்றிக் கொஞ்சம். நாமே மின்னூல் வெளியிட அமேசான் வைத்திருக்கும் கேடிபி தளம் தமிழை ஏற்றுக்கொள்கிறது, பணம் எதுவும் கட்ட வேண்டாம், யுனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு போதும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்களுக்கு அச்சுப் புத்தகம் அனுப்பினால் விலையைவிடத் தபால் செலவு பல மடங்கு ஆகும். அவர்களுக்கு இதுதான் வழி. ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அவர்களுடைய தனித் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35 தான். செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. நாவல் முழுவதையும் ஏற்கெனவே பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராகப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் சேர வேண்டும். தளத்தில் வாசகர்களைச் சேர்ப்பது நல்லதுதான், அதற்கு வேறு சிறுகதைகளைப் போடுங்கள். நாவலில் மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியே இருக்க செலக்ட்டும் அனுமதிக்கிறது, அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னூலை அச்சுப் புத்தகம் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஏற்றுங்கள். முன்பணம் கொடுத்தவர்கள் முதலில் படிப்பதுதான் முறை.

கடைகளுக்குக் கொடுப்பதில் ஆசைப்படாதீர்கள். 35 சதவீதம் கழிவு கேட்பார்கள். 250 ரூபாய்ப் புத்தகத்தில் 87 ரூபாய் 50 காசு அங்கே போகும், அச்சுச் செலவு 110 போகும், மிஞ்சுவது 52 ரூபாய் 50 காசு. அதிலும் அனுப்பும் செலவு உங்களுடையது, பணம் விற்றபின்தான் வரும். அதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், வாடகையும் ஆள் சம்பளமும் அவருக்கு இருக்கிறது. உடுமலை, பனுவல், காமன்ஃபோக்ஸ் போன்ற இணையக் கடைகளில் ஒன்றிரண்டில் ஐந்தைந்து பிரதிகள் இருந்தால் போதும். யாராவது தேடினால் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். தபாலுக்கு, 2025 மே மாதம் அஞ்சல் துறை புத்தகங்களுக்காகத் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் உங்கள் புத்தகம் சேருமா என்று அஞ்சலகத்தில் கேளுங்கள். தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய்தான் கட்டணம், வரி தனி.

உங்களுக்கு ஈரோடு புத்தகத் திருவிழா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2005 முதல் ஆகஸ்ட் மாதம் நடக்கிறது. ஒற்றைப் புத்தகத்துக்கு அரங்கு எடுக்க வேண்டாம், வாடகைக்கே கட்டாது. அரங்கு எடுக்கும் ஒரு சிறு பதிப்பாளரிடம் இரண்டு மாதம் முன்பே பேசி, கழிவு கொடுத்து, உங்கள் புத்தகத்தை அவர் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலங்களில் நீங்களும் அங்கே நில்லுங்கள். எழுதியவரே எடுத்துக் கொடுத்து, "எங்க ஊர்த் தறிக்காரங்க கதைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் கை நீட்டி வாங்குவார்கள். உங்கள் கால அட்டவணையை அந்த ஆகஸ்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஜூலையில் புத்தகம் கையில், ஜூனில் அச்சு, ஏப்ரல், மே மாதங்களில் முன்வெளியீடு.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், ஃபிளக்ஸ், சால்வை என்று செலவழிக்காதீர்கள். பட்டறைக்கு விடுமுறை நாளில், ஊர்க் கிளை நூலகத்திலோ தெரிந்தவர் வீட்டு மாடியிலோ முப்பது பேர் உட்கார்ந்தால் போதும். நாற்பது வருடம் தறி ஓட்டிய ஒரு பெரியவர் முதல் பிரதியை வாங்கட்டும். இரண்டு மாதம் கழித்து, படித்தவர்களை மட்டும் கூட்டி ஒரு விமர்சனக் கூட்டம் வையுங்கள். விழாவைவிட அதில்தான் புத்தகம் நகரும். விமர்சனத்துக்கு இலவசப் பிரதி பத்துக்கு மேல் வேண்டாம். புகழ்பெற்றவர்களுக்கு அனுப்புவதைவிட, தொழிலாளர் வாழ்க்கையைத் தொடர்ந்து படித்து எழுதுகிறவர்களுக்கு, ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள் என்று கையால் எழுதிய நாலு வரியோடு அனுப்புங்கள். ஒரு முறை நினைவூட்டலாம், இரண்டாவது முறை கேட்காதீர்கள். காசு கொடுத்துச் செய்யும் ஃபேஸ்புக் விளம்பரம் முதல் நூறு பிரதிக்குத் தேவையே இல்லை.

நாளைக்கே ஒரு நல்ல பதிப்பகம், பணம் கேட்காமல், போடுகிறோம் என்று வந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை வருடம் என்று எண் போட்டிருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று காப்புரிமைச் சட்டமே எடுத்துக்கொள்ளும். "நிரந்தரமாக" என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமை மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, கொடுக்காததைக் கொடுக்கவில்லை என்றே எழுதிவாங்குங்கள்.

அந்தப் பதிப்பகத்துக்கு வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதல் அத்தியாயத்தை எனக்கும் அனுப்புங்கள். நோட்டில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், முன்வெளியீட்டில் இரண்டு பிரதிகள் எனக்கு. ஒன்று என் அலமாரிக்கு, இன்னொன்று எங்கள் தெரு நூலகத்துக்கு.